ஆசைக்கு ஓய்வு வயது இல்லை

தீபாவளி நெருங்கும்போது பெங்களூர் அல்சூர் பஜார் தெருவில் எந்தத் துணிக்கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பிள்ளைகளுக்கு எடுத்தாயிற்று, மனைவிக்கு எடுத்தாயிற்று, மச்சினிக்கும் எடுத்தாயிற்று. கடைசியில் ஒருவர் கேட்பார்: "அப்பாவுக்கு என்ன எடுக்கறது?" "அவருக்கு எது எடுத்தாலும் பீரோவுலதான் கிடக்கும். ஒரு வேட்டி எடுத்துடு." "அம்மாவுக்கு?" "அவங்களே ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க." அதோடு பில் போட்டுவிடுவார்கள்.

இப்படிப் பேசுகிறவர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. பெற்றவர்களுக்கு வேளைக்குச் சோறு போடுகிறார்கள், மாத்திரை வாங்கித் தருகிறார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். ஆனாலும் இவர்கள் எல்லாரும் ஒரு நம்பிக்கையை அலசிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். வயசானால் ஆசை அடங்கிவிடும். அவர்களுக்கென்று தனியாக எதுவும் வேண்டியிருக்காது. மீறி வாங்கிக் கொடுத்தாலும் பிடிக்காது என்பதே அந்த நம்பிக்கை. இது பொய். பெற்றவர்களுக்குத் தீங்கு செய்கிற பொய். பிள்ளைகளின் அசட்டைக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுக்கிற பொய். இதைக் கண்டிக்காமல் விட்டால், நாளை நம் பிள்ளைகள் நம்மைப் பற்றியும் இதையேதான் சொல்வார்கள்.

ஆசை அடங்கிவிடும் என்பவர்களுக்கு எதிரான சாட்சியைக் கர்நாடக அரசே தந்திருக்கிறது. 2023 ஜூன் 11ஆம் தேதி 'சக்தி' திட்டம் தொடங்கியது. கர்நாடக முகவரியோடு அடையாள அட்டை வைத்திருக்கும் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் காசில்லாமல் போகலாம் என்றார்கள். அடுத்த சில வாரங்களிலேயே தர்மஸ்தலாவுக்கும் மாதேஸ்வரன் மலைக்கும் போகிற பேருந்துகளில் ஏற இடமில்லை. அந்தக் கூட்டத்தில் நரைத்த தலைகள் நிறைய இருந்தன. "அம்மாவுக்கு வெளியே போறதே பிடிக்காது, வீட்டோட இருப்பாங்க" என்று முந்தின நாள் வரை சொல்லிக்கொண்டிருந்த வீடுகளிலிருந்தும் அம்மாக்கள் கிளம்பினார்கள். ஒரே ராத்திரியில் அவர்களுக்குப் புதிதாக ஆசை முளைத்ததா? டிக்கெட்டுக்காக மகனிடம் கை நீட்ட வேண்டியிருந்தது, அது நின்றது. நின்றதும், உள்ளே அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. எத்தனை வருஷம் அந்தப் பெண்கள் 'எனக்கு எங்கேயும் போக வேண்டாம்' என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

'எனக்கு எதுக்குப்பா?' என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் நம் தவறின் அளவு புரியும். அல்சூர், மர்ஃபி டவுன், ஜோகுபாளையம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இன்று எழுபதைத் தாண்டியவர்கள் பலர் மில்லிலும், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகளிலும், ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவிலும், சின்னச் சின்னக் கடைகளிலும் உழைத்தவர்கள். சம்பளம் வந்ததும் முதலில் வாடகை, அடுத்து ஸ்கூல் ஃபீஸ், அதற்கடுத்து ஏலச்சீட்டு. மிஞ்சினால்தான் தனக்கு ஒரு ஜோடி செருப்பு. வீட்டில் அம்மா எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டாள். கேட்டால் பசியில்லை என்றாள். ஆயுசில் பாதியை 'வேண்டாம்' என்று சொல்லியே கழித்துத்தான் அவர்கள் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். அந்தப் பேச்சு நாக்கில் ஊறிப்போயிருக்கிறது.

இன்று அதே பேச்சுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. சம்பாதித்த காலத்தில் அவர்கள் யாரையும் கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டும். கேட்டால் மகன் ஒரு நொடி மருமகள் முகத்தைப் பார்ப்பான். மருமகள் மனதுக்குள் ஈ.எம்.ஐ. கணக்குப் போடுவாள். இருவரும் மறுக்காமல் இருக்கலாம், சந்தோஷமாகவே வாங்கித் தரலாம். ஆனாலும் அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டவர் மறுபடி வாய் திறக்க மாட்டார். 'வேண்டாம்' என்று முந்திக்கொண்டு சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் மானம் மிஞ்சுகிறது. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன சொல்லை மனநிறைவு என்று நாம் பொருள் எடுத்துக்கொள்கிறோம்.

அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை நிற்கிறது. 1991இல் நிறுவிய சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. இந்த ஊர்த் தமிழர்கள் எவ்வளவு ஆசையோடு அந்த நாளுக்குக் காத்திருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சிலைக்காகக் காத்திருந்த நாம் அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. குறளில் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், அரசவையில் பழகுகிறவர்களுக்கு. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம், காதலர்களுக்கு. வாய் சொல்லாததை முகம் பார்த்து அறிவதுதான் இரண்டின் விஷயமும். இரண்டிலும் நாம் தேறிவிட்டோம். ஆபீசில் மேனேஜர் புருவத்தை உயர்த்தினால் ஃபைலோடு ஓடுகிறோம். காதலித்த காலத்தில் அவள் 'ஒண்ணுமில்லை' என்றால் என்னவோ இருக்கிறது என்று புரிந்துகொண்டோம். பெற்றவர்களிடம் வரும்போது மட்டும் அவர்கள் வாயிலிருந்து வந்ததை அப்படியே சாசனமாக எடுத்துக்கொள்கிறோம். யார் குறிப்பை அறியாவிட்டால் நமக்கு நஷ்டமோ அவர்கள் குறிப்பைத்தான் அறிகிறோம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

"வாங்கிக் கொடுத்தாலும் உபயோகிக்க மாட்டாங்க" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அவர்கள் பீரோவை ஒரு முறை நிதானமாகத் திறந்து பார்க்கலாம். மேல் தட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத வேட்டிகள். பக்கத்தில் மணிவிழாவில் போர்த்திய சால்வைகள், பாச்சை உருண்டை வாசத்தோடு. விலைச் சீட்டுக் கிழிக்காத பட்டுப்புடவை. நடுத்தட்டில் துபாயிலிருந்து வந்த சென்ட் பாட்டில்கள். கீழே கால் பிடித்துவிடும் மெஷின். கட்டிலிலிருந்து பிளக் பாயின்ட் எட்டாததால் ஒரு நாளும் ஓடாதது. பேட்டரி தீர்ந்துபோன பி.பி. பார்க்கும் கருவி. பேரன் புதுசு வாங்கியதும் தள்ளிவிட்ட ஸ்மார்ட்போன், திரையில் கீறலோடு. இந்தப் பீரோவைக் காட்டித்தான் 'இவங்களுக்கு எது வாங்கினாலும் வேஸ்ட்' என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

அந்தத் தட்டுகளில் இருக்கும் ஒரு பொருளாவது அம்மாவின் ஒரு நாளைக் கவனித்துப் பார்த்து வாங்கியதா? பட்டுப்புடவை கனக்கிறது. மூட்டு வீங்கிய விரலால் கொசுவம் பிடித்துச் செருக முடியவில்லை. ரவிக்கைக் கொக்கியைப் போட ஒவ்வொரு நாளும் காலையில் அவள் படுகிற பாட்டை, கதவு சாத்தியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. அவளுக்கு வேண்டியது லேசான பருத்திப் புடவை. கொக்கிக்குப் பதிலாகப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்த ரவிக்கை. பட்டு வாங்கிய காசில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும். அளவு ரவிக்கையை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் போய்ப் பத்து நிமிஷம் நின்று சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் நாம் செலவழிக்கத் தயாராக இல்லை.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் கல்லூரி மாணவர்களிடம் அவர்களுக்கு வந்த கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி விசாரித்தார். கொடுத்தவர் செலவழித்திருக்கக்கூடிய தொகையையும், வாங்கியவர் அந்தப் பொருளுக்குத் தன் மனதில் வைத்த மதிப்பையும் ஒப்பிட்டார். பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மதிப்பு வீணாகப் போவதாகக் கணக்கு வந்தது. பெறுகிறவரை அறியாமல் கொடுத்தால் பெறுகிறவர் இளைஞராக இருந்தாலும் பொருள் வீண்தான். ஆனால் அந்த மாணவர்களை யாரும் 'இவங்களைத் திருப்திப்படுத்தவே முடியாது' என்று சொல்லவில்லை. அந்தப் பட்டத்தை நாம் வயசானவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். வாங்கத் தெரியாதது நம் குறை. பழியை வாங்கிக்கொள்கிறவர்கள் அவர்கள்.

அந்தப் பீரோவில் கிடக்கும் பொருள்களோடு இன்னொரு பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் மூத்த குடிமக்களுக்காக மத்திய அரசு 2017 ஏப்ரல் 1ஆம் தேதி நெல்லூரில் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. அதில் இலவசமாகத் தருவதாகச் சொன்னவை: கைத்தடி, ஊன்றுகோல், வாக்கர், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, பல்செட், மூக்குக்கண்ணாடி. டெல்லியில் உட்கார்ந்து, யாருடைய அப்பாவையும் நேரில் பார்க்காமல் ஒரு அதிகாரி எழுதிய பட்டியல் இது. அவருக்குத் தெரிந்திருக்கிறது, வயசானவருக்கு மெல்ல வேண்டும், நடக்க வேண்டும், கேட்க வேண்டும், படிக்க வேண்டும் என்று. ஒரே வீட்டில் இருக்கிற நாம் சால்வையும் வெள்ளி விளக்கும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

காதையே எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர்களில் கால்வாசிப் பேருக்கும் மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வயசால் வருகிற காது மந்தம் எல்லா ஓசையையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை. கீச்சென்ற மேல் ஸ்தாயி ஓசைகள் முதலில் போகின்றன. லாரி ஹாரன் கேட்கும்; பேத்தியின் குரல் தெளியாது. பேசுவது கேட்கும்; என்ன பேசுகிறார்கள் என்று பிடிபடாது. நான்கு பேர் சேர்ந்து சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்து வைப்பார். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பும் நின்று, கூடத்துக்கு வருவதே குறைந்துவிடும். வீட்டில் அதற்கு என்ன பேர் வைக்கிறோம்? 'அப்பாவுக்கு எதுலயும் இன்ட்ரஸ்ட் இல்லை.' டிமென்ஷியா பற்றி ஆராய்ந்த லான்செட் குழு, தடுக்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் கேட்கும் திறன் இழப்பையும் சேர்த்திருக்கிறது. அதாவது, கேட்காத காதை அப்படியே விட்டுவிடுவது மூளைக்கும் கேடு.

இதற்கும் குறுக்குவழி தேடுகிறவர்கள் ஆன்லைனில் ஒரு கருவியை வாங்கி அப்பா கையில் கொடுக்கிறார்கள். அது எல்லா ஓசையையும் ஒன்றாகக் கூட்டிவிடும். குக்கர் விசில் காதைக் கிழிக்கும். இரண்டே நாளில் கழற்றி வைத்துவிடுவார். முறையாகச் செய்தால், முதலில் காது பரிசோதனை. எந்த ஸ்தாயியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து அதற்கேற்றபடி கருவியைச் சரிசெய்வார்கள். பழகப் பழக மறுபடி போய்த் திருத்திக்கொண்டு வர வேண்டும். கூடப் போக ஒரு ஆள் வேண்டும். கருவியின் விலை பெரிய தொகைதான். ஆனால் மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் திருக்கடையூருக்கு வேன் பிடித்து, மண்டபம் எடுத்து, நூறு இலை போட்டு, போட்டோ ஆல்பம் அடித்த வீடுகளில் காசில்லை என்ற பேச்சு எடுபடாது. அந்த மேடையில் ஐயர் சொன்ன மந்திரமும், காலில் விழுந்த பேரப்பிள்ளைகள் சொன்னதும் மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் விழவில்லை என்றால், யாருக்காக அந்த விழா?

குளியலறை அடுத்தது. தேர்த்தெருவிலும் சுற்றுப்பட்ட சந்துகளிலும் பழைய வீடுகளை இடித்துக் குறுகலான மனையில் மாடி மேல் மாடி எழுப்பியிருக்கிறார்கள். செங்குத்தான படிகள், வழவழப்பான டைல்ஸ், பாத்ரூம் வாசலில் தண்ணீர் வெளியே வராதபடி ஒரு தடுப்பு. ராத்திரியில் எழுந்து போகிற அம்மா அந்தத் தடுப்பைத் தாண்டும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். சுவரில் பிடிக்க ஒன்றும் இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்பதும், அதில் அறுபதைத் தாண்டியவர்களே மிக அதிகம் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு ஸ்டீல் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ராத்திரி எரிகிற சின்ன விளக்கு. வாடகை வீடு, சுவரில் துளை போடக் கூடாது என்று ஓனர் சொன்னால் அவரிடம் போய்ப் பேச வேண்டும். அம்மாவுக்காக அந்த வாதம் செய்வதும் அவளுக்குச் செய்கிற சீர்தான்.

உடம்பின் தேவையைச் சொன்னால் சிலர் ஒப்புக்கொள்வார்கள். "சரி, அதெல்லாம் மருத்துவச் செலவு. ஆசைன்னு அவங்களுக்கு என்ன இருக்கு?" என்பார்கள். அவர்களுக்கு நான் காட்ட விரும்புவது மொய் நோட்டு.

பழைய தமிழ் வீடுகளில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. மகள் கல்யாணத்தில் யார் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அப்பா தன் கையெழுத்தில் வைத்திருப்பார்: 51, 101, ஒரு பித்தளைக் குடம், ஒரு சுவர்க்கடிகாரம். அவரைப் பொறுத்தவரை அது கடன் பட்டியல். எழுதியவர்களின் வீட்டுக் கல்யாணத்தில் அவர் திருப்பிச் செய்ய வேண்டும், கூடுதலாகவே செய்ய வேண்டும். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் பத்திரிகைகள் வரத் தொடங்கும். பென்ஷன் இல்லாத அப்பா பத்திரிகையைப் பிரித்துப் படிக்கிறார், தேதியைப் பார்க்கிறார், நோட்டைப் புரட்டுகிறார், மூடி வைக்கிறார். "போகலையாப்பா?" "கால் வலிக்குதுடா, நீங்க போயிட்டு வாங்க." மகன் போகிறான், தன் பேரில் மொய் எழுதிவிட்டு வருகிறான். அப்பாவின் கடன் அப்படியே நிற்கிறது. அடுத்த கல்யாணத்துக்கும் கால் வலிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அவர் ஊர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். வெறும் கையோடு பந்தியில் உட்கார அவரால் முடியாது என்பதை அந்த வீட்டில் ஒருவரும் உணரவில்லை.

வயசானவர்களின் ஆசை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வெளிச்சமான இடம் இல்லை. அவர்கள் ஆசைப்படுவது கொடுப்பதற்கு. பேத்தி பரீட்சையில் பாஸானால் கையில் ஒரு நோட்டைத் திணிக்க வேண்டும். சோமேஸ்வரர் கோயில் பல்லக்கு உற்சவத்துக்குத் தன் பேரில் பூ வாங்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணின் குழந்தைக்கு ஒரு கவுன் எடுக்க வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்ததும் கூட வந்த நண்பருக்கு ஒரு காப்பி வாங்கித் தர வேண்டும். வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பழகிய கையை வாங்குகிற கையாக மட்டும் மாற்றிவிட்டு, அந்தக் கையில் இன்னொரு வேட்டியை வைத்தால் அது எப்படி மலரும்? மாதா மாதம் ஒரு தொகை, எதற்குச் செலவழித்தாய் என்று கேட்காமல், அவர் பேரிலுள்ள கணக்கில் போட வேண்டும். கல்யாண மாதத்தில் கூடுதலாகப் போட வேண்டும். ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும், மகன் பர்ஸில் இருக்கக் கூடாது. அவர் அதை எடுத்துப் பேத்திக்கே கொடுத்துவிட்டால் 'உங்களுக்குன்னு கொடுத்தா அவளுக்குக் கொடுத்துட்டீங்களே' என்று குறைப்படவும் கூடாது. அவருக்கென்று கொடுத்ததை அவர் இஷ்டப்படி செலவழித்திருக்கிறார்.

"பொருளெல்லாம் எதுக்கு? பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும், அதுதான் அவங்களுக்குப் பரிசு" என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. அன்னையர் தின வாட்ஸ்அப் செய்திகளில் தவறாமல் வருகிறது. நான் இதையும் மறுக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது பிள்ளையாகப் பிறந்தவனின் குறைந்தபட்சக் கடமை. அதை அலங்காரத் தாளில் சுற்றிப் பரிசு என்று நீட்டுவது அநியாயம். காது கேட்காதவரிடம் என்ன பேசுவீர்கள்? பல்லில்லாதவரை ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் என்ன வாங்கித் தருவீர்கள்? தன் பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் அன்பு மட்டும் போதும் என்று யாரும் சொல்வதில்லை. அங்கே நகையும் சைக்கிளும் வேண்டியிருக்கின்றன. பெற்றவர்களுக்கு மட்டும் அன்பு போதும் என்றால் அது அன்பின் பெருமையைப் பேசுகிற பேச்சாக எனக்குத் தோன்றவில்லை.

"எங்களுக்கே வாடகையும் ஃபீஸும் கழுத்தை நெரிக்குது" என்பவர்களின் கஷ்டம் உண்மையானது. பெங்களூரில் குடும்பம் நடத்துவது எவ்வளவு கடினம் என்று அல்சூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் இந்தக் கட்டுரையில் நான் சொன்னவற்றில் காது கேட்கும் கருவியைத் தவிர எதுவும் பெரிய செலவில்லை. பிரஸ் பட்டனும் கைப்பிடியும் மொய்க் கவரும் யாரையும் கடனாளி ஆக்காது. ஏற்கெனவே வீணாக்கிக்கொண்டிருக்கும் காசைத் திசை திருப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கொடுத்தவர்கள் யார், வாங்கியவர்கள் யார் என்ற கணக்கை மறந்துபோனதால் நாட்டில் சட்டமே தலையிட வேண்டியதாயிற்று. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று வரையறுக்கிறது. அதே சட்டம் பிள்ளைகளின் கடமைக்கு வைக்கிற அளவுகோல், பெற்றவர் இயல்பான வாழ்க்கை வாழ வேண்டும் என்பது. நம் வீடுகள் முதல் நான்கோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்தவரை, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த தானப்பத்திரத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 2ஆம் தேதி இந்தப் பிரிவின்படி ரத்து செய்தது. இருந்த ஒரே வீட்டையும் பிள்ளை பேருக்கு எழுதி வைத்துவிட்டு, பின் அறையில் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கும் பெற்றவர்கள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த பரிசு ஒரு வீடு. அதை வாங்கும்போது 'எனக்கு எதுக்குப்பா?' என்று நாம் சொல்லவில்லை.

மரியாதை செய்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே முதியோர் மரியாதை தினம் தேசிய விடுமுறை. நூறு வயதைத் தொடுகிறவர்களுக்கு 1963 முதல் அரசு வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கிறது. முதல் ஆண்டு 153 பேர். எண்ணிக்கை பெருகிப் பெருகி, 2016இல் சுத்த வெள்ளியை விட்டு வெள்ளி முலாமுக்கு மாற வேண்டி வந்தது. அந்த நாட்டில்தான் 2010 ஜூலையில், டோக்கியோவிலேயே மிக மூத்த ஆண் என்று பதிவாகியிருந்த 111 வயது சோகென் காட்டோவை வாழ்த்தப் போன அதிகாரிகளைக் குடும்பம் மறுபடி மறுபடி திருப்பி அனுப்பியது. கடைசியில் போலீஸ் உள்ளே போனபோது அவர் இறந்து சுமார் முப்பது வருஷம் ஆகியிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு பதிவேடுகளைச் சரிபார்த்ததில் நூறு வயதைத் தாண்டியவர்களாக எழுதியிருந்தவர்களில் 2,30,000க்கும் மேற்பட்டோரின் இருப்பிடமே தெரியவில்லை. பெரும்பாலும் பழைய பதிவேட்டுக் குளறுபடிதான். ஆனால் ஆண்டு தவறாமல் மரியாதை செய்கிற நாடு, மரியாதைக்குரியவரை நேரில் பார்க்காமலே அதைச் செய்திருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி வேட்டி வைத்துக் காலில் விழுகிற நாமும், அந்தக் காலில் எந்த விரல் வீங்கியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

ஆகவே, அல்சூரில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான். 'உங்களுக்கு என்ன வேணும்?' என்ற கேள்வியை நிறுத்துங்கள். அதற்கு வருகிற பதில் நமக்கு முன்பே தெரியும், அது தெரிந்துதான் கேட்கிறோம். அதற்குப் பதிலாக ஒரு நாள் காலையிலிருந்து ராத்திரி வரை கூட இருந்து பாருங்கள். எந்தப் பாட்டிலைத் திறக்க முடியாமல் வைத்துவிடுகிறார்கள், எந்தச் செய்தித்தாளைக் கண்ணருகே கொண்டுபோகிறார்கள், யார் வீட்டுப் பத்திரிகையைப் படித்துவிட்டு மடித்து வைக்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்ததைக் கேட்காமல் செய்யுங்கள். 'எதுக்குடா இதெல்லாம்?' என்று முதலில் கடிந்துகொள்வார்கள், அதற்காகப் பின்வாங்காதீர்கள். கழித்துப் போட்ட போனையும் கழித்துக்கட்டுகிற வேட்டியையும் இனி அவர்கள் முன் நீட்டாதீர்கள்.

நம்மை வளர்க்க அவர்கள் சொன்ன ஆயிரம் 'வேண்டாம்'களில் ஒன்றைக்கூட நாம் இன்னும் திருப்பித் தரவில்லை. அந்தச் சொல்லையே நம் செலவைக் குறைக்கப் பயன்படுத்துவது நன்றிகெட்ட செயல். அந்தச் செயலுக்கு 'அவங்களுக்கு ஆசையே இல்லை' என்ற பொய்யை இனி யாரும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.